வாசகர் கேள்விகள்: கிங் கிரிம்சன் ஆவணப்படம்

போன இதழில் கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவைப் பற்றிய ஆவணப்படத்தைப் பாருங்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். டோபி ஏமிஸ் இயக்கி 2022-இல் வெளிவந்த படம், குழுவின் 50 ஆண்டு நிறைவை ஒட்டி எடுத்தது. பார்த்துவிட்டு எழுதியவர்களில் பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்கு ஆச்சரியம். இரண்டுமே நல்ல அறிகுறி என்று நினைக்கிறேன். இந்த முறை முழுப் பகுதியும் அந்தக் கேள்விகளுக்குத்தான்.

கேள்வி: 50 வருட பேண்ட் என்கிறீர்கள். யார் எப்போது சேர்ந்தார்கள், எந்த ஆல்பம் எந்த வருடம் என்று எதையும் வரிசையாகச் சொல்லாமலேயே படத்தை முடித்துவிட்டார்களே சார். முன்பின் தெரியாத நான் இதில் என்ன புரிந்துகொள்வது?

பதில்: முதல் தடவை பார்த்தபோது எனக்கும் இதே கோபம் வந்தது. அதனால் முதலில் படம் சொல்லாத கதையை நானே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1969 ஜனவரியில் லண்டனில் ஒரு காபிக் கடையின் நிலவறையில் ஐந்து பேர் ரிகர்சல் தொடங்குகிறார்கள். கிட்டார் ராபர்ட் ஃப்ரிப். குழல், சாக்ஸபோன், மெலோட்ரான் மூன்றும் இயன் மெக்டொனால்ட். டிரம்ஸ் மைக்கேல் ஜைல்ஸ். பாட்டும் பேஸும் கிரெக் லேக். பாடல் வரிகள் பீட்டர் சின்ஃபீல்ட். ஏப்ரலில் முதல் கச்சேரி. ஜூலை 5-இல் ஹைட் பார்க்கில், ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால், லட்சக்கணக்கான ஜனங்கள் முன்பு மேடை ஏறுகிறார்கள். அக்டோபரில் முதல் ஆல்பம் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்', அதன் பெயரைத்தான் இந்தப் படத்துக்கும் வைத்திருக்கிறார்கள். அந்த வருடம் முடிவதற்குள் மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகிவிட்டார்கள். கொஞ்ச நாளில் லேக்கும் போய்விட்டார்.

அப்புறம் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. 1972-இல் யெஸ் குழுவிலிருந்து பில் புரூஃபோர்ட், கூடவே ஜான் வெட்டன், வயலினுக்கு டேவிட் கிராஸ், தாளக் கருவிகளுக்கு ஜேமி மியூர். மியூர் அடுத்த வருடமே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்துக்குப் போய்விடுகிறார். 1974-இல் ஃப்ரிப் குழுவையே கலைக்கிறார். 1981-இல் ஏட்ரியன் பெலூ, டோனி லெவின், புரூஃபோர்ட் என்று இன்னொரு அவதாரம், அது மூன்று ஆல்பத்தோடு நிற்கிறது. 1994-இல் ஆறு பேர். 2014-இல் ஏழு பேர், பிறகு எட்டுப் பேர். மொத்தத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை இருந்தவர் ஃப்ரிப் ஒருவர்தான்.

இதை அப்படியே வருடவாரியாகப் படமாக எடுத்தால் என்ன கிடைத்திருக்கும்? வந்தவர்கள், போனவர்கள் பட்டியல். பழைய போட்டோ, பின்னணியில் ஒரு குரல், நடுவே இன்னொரு பேண்டின் ஆள் வந்து இவர்களை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்வது. அந்த மாதிரிப் படங்கள் ஏராளமாக வந்தாகிவிட்டது. ஏமிஸ் அதை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: இந்த இசையை வாசிக்க ஒரு மனிதன் என்ன விலை கொடுக்கிறான், கொடுத்த பின் அது தகுந்த விலைதான் என்று அவனுக்குத் தோன்றுகிறதா? கேமராவுக்கு முன் வரும் ஒவ்வொருவரும் வேறு வேறு பதில் சொல்கிறார்கள். மேலே சொன்ன கதையை மனதில் வைத்துக்கொண்டு படத்தை இன்னொரு முறை பாருங்கள், யார் எந்தக் காலத்துக்காரர் என்ற குழப்பம் போய்விடும், அவர்கள் பேசுவது மட்டும் நிற்கும்.

கேள்வி: முதல் டிரம்மரும் இயன் மெக்டொனால்டும் படத்தில் வருகிறார்கள். மெக்டொனால்ட் ஏன் அவ்வளவு உடைந்துபோகிறார்? 50 வருடத்துக்கு முந்தைய விஷயம்தானே?

பதில்: அவருக்கு அப்போது 23 வயது. அமெரிக்க டூர், புது ஊர், புது மேடை, ஒரே வருடத்தில் கிடைத்த பெயர், எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் விலகினார். அவர்கள் இரண்டு பேரும் விலகுகிறோம் என்றபோது ஃப்ரிப் சொன்னது பலருக்குத் தெரியாது. நீங்கள் இருங்கள், வேண்டுமானால் நான் போகிறேன் என்றார். குழு உடையாமல் இருந்தால் போதும் என்பதுதான் அவர் எண்ணம். இது எங்களைவிட உன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

மெக்டொனால்ட் பின்னாளில் ஃபாரினர் என்ற குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதில் கோடிக்கணக்கான ரெக்கார்டுகள் விற்றன. அப்படிப்பட்ட மனிதர் வயதான காலத்தில் கேமரா முன் உட்கார்ந்து, 1969-இல் போயிருக்கக் கூடாது என்று வருந்துகிறார். படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2022 பிப்ரவரியில், அவர் காலமானார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை.

முதல் ஆல்பத்தின் அட்டையில் அலறும் முகம் ஒன்று இருக்குமே, அதை வரைந்தவர் பாரி காட்பர். கம்ப்யூட்டர் புரோகிராமர். ஆல்பம் வந்த சில மாதங்களில், 24 வயதில், மாரடைப்பில் இறந்துவிட்டார். இந்தக் குழுவின் கதையில் தொடக்கத்திலிருந்தே ஒரு இழப்பு கூடவே வருகிறது.

கேள்வி: ஃப்ரிப் இயக்குநரிடம் அவ்வளவு கறாராகப் பேசுகிறார். பிடிக்கவில்லை என்றால் படம் எடுக்க எதற்கு ஒத்துக்கொண்டார்? பார்க்கவே சங்கடமாக இருந்தது.

பதில்: படம் எடுக்கச் சொன்னதே ஃப்ரிப் தரப்புதான். தன் புகழ் பாடும் படமாக எடுக்கச் சொல்லியிருக்கலாம், தடுக்க ஆளில்லை. எடுத்தவர் யார் என்று பாருங்கள். ஏமிஸ் இதற்கு முன்பு எடுத்த படம், நினைவாற்றலை இழந்த ஒரு முதியவரைப் பற்றியது. ராக் இசைப் படங்களில் ஊறியவர் அல்ல. அவரைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு துணிச்சல் இருக்கிறது.

கறார் என்பது உண்மை. கேள்வி சோம்பலாக இருந்தால் ஃப்ரிப் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார், வார்த்தை தவறாக இருந்தால் அந்த இடத்திலேயே திருத்துகிறார். பழைய ஆட்கள் சிலர் அந்தக் குழுவில் இருந்த காலத்தை ஏதோ நாள்பட்ட வியாதியை நினைவுபடுத்திக்கொள்வது போலச் சொல்கிறார்கள். அதையெல்லாம் படத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர் கையில் கத்தரி கேட்டிருந்தால் அதில் பாதி போயிருக்கும்.

ஒரு இடத்தில் அவர் பேசிக்கொண்டே வந்து சட்டென்று நின்றுவிடுகிறார். மௌனம். கண் கலங்குகிறது. வேறு யாராக இருந்தாலும் அங்கே வெட்டி அடுத்த காட்சிக்குப் போயிருப்பார்கள். ஏமிஸ் வெட்டவில்லை, நாமும் அவரோடு உட்கார்ந்து காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த மனிதர்மேல் இருந்த வருத்தம் போயிற்று. கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்திருந்தேன், உள்ளே எவ்வளவு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கேள்வி: பொது முடக்கக் காலத்தில் மனைவியோடு சமையலறையில் ஆடிப் பாடி வீடியோ போட்டாரே, அதே ஃப்ரிப்பா இவர்?

பதில்: அதே ஃப்ரிப்தான். மனைவி டோயா வில்காக்ஸ், பாடகி, நடிகை. 1986-இல் திருமணம். 2020-இல் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோக்கள் வீட்டுக்குள் அடைந்துகிடந்தவர்களைச் சிரிக்கவைப்பதற்காகச் செய்தவை. அதைப் பார்த்தவர்கள் படத்தையும், படத்தைப் பார்த்தவர்கள் அதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு ஆள்.

கேள்வி: பில் ரீஃப்ளின் யார் சார்? படம் முடிந்த பிறகும் அவர் முகம் மனதை விட்டுப் போகவில்லை.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ரீஃப்ளின் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்தவர், அடிப்படையில் டிரம்மர். மினிஸ்ட்ரி, ஸ்வான்ஸ், ஆர்.இ.எம். என்று ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத குழுக்களில் வாசித்தவர். 2014-இல் ஃப்ரிப் குழுவை மறுபடி கூட்டியபோது மூன்று டிரம்மர்களில் ஒருவராக வந்தார். நடுவில் விடுப்பு எடுத்துக்கொள்ள, அந்த இடத்துக்கு ஜெரமி ஸ்டேசி வந்தார். 2017-இல் ரீஃப்ளின் திரும்பியபோது அவருக்காகக் கீபோர்டு இடம் உருவாக்கினார்கள், குழு எட்டுப் பேரானது. யாரையும் நீக்காமல், வந்தவருக்கு ஒரு நாற்காலி கூட்டிப் போட்டார்கள். ஆட்களை மாற்றுவதற்குப் பேர்போன குழுவில் இப்படி நடந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அவருக்குக் குடல் புற்றுநோய். படமெடுக்கும் காலத்திலேயே காலம் அதிகம் இல்லை என்று அவருக்குத் தெரியும். வலியோடு விமானம் ஏறி, ஊர் ஊராகப் போய், இரவு மேடையில் உட்கார்ந்து வாசித்தார். ஏன் என்று கேட்டால் அவர் பெரிய வசனம் எதுவும் பேசவில்லை. மிச்சமிருக்கும் நாட்களை எதற்குச் செலவு செய்வது என்று யோசித்து, இதற்குத்தான் என்று முடிவெடுத்த ஒருவர் எப்படிப் பேசுவாரோ அப்படி, பதற்றமே இல்லாமல் பேசுகிறார். அவருடைய மனைவி பிரான்செஸ்கா சண்ட்ஸ்டென் ஓவியர், கிங் கிரிம்சனின் பிற்கால ஆல்பம் அட்டைகளில் வருவது அவருடைய ஓவியங்கள்தான். அவர் 2019-இல் இறந்தார். அடுத்த மார்ச்சில், 59 வயதில், ரீஃப்ளினும் போய்விட்டார்.

முதல் பதிலில் ஒரு கேள்வி சொன்னேனே, இந்த இசைக்கு என்ன விலை என்று. குழுவில் இருந்ததைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள ஆளுக்கொரு காரணம் இருக்கிறது, நியாயமான காரணங்கள்தான். யாரைவிடவும் அதிகம் கொடுத்தவர் ரீஃப்ளின், அவரிடம் மட்டும் குறையே இல்லை. இயக்குநர் இதை வாயால் சொல்வதில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். படத்தின் உயிர் அங்கே இருக்கிறது.

கேள்வி: மேடையின் முன் வரிசையில் மூன்று டிரம்ஸ் செட். ஒன்று போதாதா? சத்தம்தானே அதிகமாகும்?

பதில்: மூவரும் ஒரே தாளத்தை ஒரே நேரத்தில் அடித்தால் சத்தம்தான். இவர்கள் அப்படி வாசிப்பதில்லை. ஒரு சொற்கட்டை மூன்றாகப் பிரித்து ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுக்கிறார்கள், இடது கோடியில் தொடங்கிய ஒரு வரி வலது கோடியில் முடிகிறது. கேவின் ஹாரிசன் இந்தப் பங்கீட்டுக்காக உட்கார்ந்து எழுதிய உழைப்பு தனிக் கட்டுரைக்கான விஷயம். பேட் மாஸ்டலோட்டோ உலோகத் தகடு, மணி என்று வினோத ஒலிகளைச் சேர்க்கிறார், நடுவில் ஸ்டேசி. மற்ற பேண்டுகளில் பாடகர் நிற்கும் இடத்தில் இங்கே டிரம்மர்கள், பாடகரும் ஃப்ரிப்பும் பின்னால் உயரத்தில்.

தாளக் கணக்கு உங்களுக்குப் பிடிக்குமானால் 1981 ஆல்பத்தைக் கேளுங்கள். இரண்டு கிட்டார்கள் ஏழு எண்ணிக்கையில் ஒரே வரியைச் சேர்ந்து தொடங்கும். மிஸ்ர சாபு கேட்ட காதுக்கு அந்த ஏழு அந்நியமாக இருக்காது. பிறகு ஒரு கிட்டார் மட்டும் ஒரு ஸ்வரத்தைக் கைவிடும். அவ்வளவுதான், இரண்டும் விலகத் தொடங்கி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஒரே புள்ளியில் வந்து சேரும். சேரும் அந்த நொடியில் நமக்கு மூச்சு திரும்பி வரும்.

கேள்வி: நான் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். ஃப்ரிப் இந்த வயதிலும் மணிக்கணக்கில் பயிற்சி செய்கிறாரே, அது உண்மையிலேயே தேவையா? பிறவி ஞானம் உள்ளவருக்கு எதற்கு?

பதில்: பிறவி ஞானமா? 11 வயதில் முதல் கிட்டார் கையில் கிடைத்தபோது தனக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் வராது என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். போதாததற்கு இடது கைக்காரர், ஆனால் வலது கைக்காரர் மாதிரி வாசிக்கப் பழகினார். அந்த ஞானமின்மையே தன்னை யோசிக்க வைத்தது என்பது அவர் கணக்கு.

1974-இல் குழுவைக் கலைத்துவிட்டு, ஜே.ஜி. பென்னட் என்ற ஆன்மிக ஆசிரியர் ஏற்படுத்திய பள்ளியில் ஒரு வருடம் தங்கினார், புகழின் உச்சத்தில் இருந்த ஆள். 1985 முதல் கிட்டார் கிராஃப்ட் என்ற பெயரில் வகுப்புகள். அதில் மாணவர்கள் கிட்டாரின் ட்யூனிங்கையே மாற்ற வேண்டும்: தடித்த தந்தியிலிருந்து சி, ஜி, டி, ஏ, இ, ஜி. பத்து வருடம் வாசித்தவனும் நேற்று வாங்கியவனும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும், பழகிய விரல்களின் பழக்கதோஷம் எதுவும் செல்லாது. இதை நீங்கள் செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாற்காலியில் எப்படி உட்காருகிறோம், பிக்கை எப்படிப் பிடிக்கிறோம் என்று கவனிப்பதில் பயிற்சி தொடங்குகிறது என்று அவர் சொல்லிக்கொடுப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும், அந்தப் பத்து நிமிடம் வேறு நினைப்பு இல்லாமல்.

கேள்வி: படத்தில் ஒரு கன்னியாஸ்திரி வருகிறாரே?

பதில்: தீவிர ரசிகை. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இசையைக் கேட்பது என்றால் என்ன என்று அந்தப் படத்தில் தெளிவாகப் பேசியவர்களில் அவரும் ஒருவர். ரசிகர்கள் என்றாலே நரைத்த தாடி வைத்த ஆண்கள் என்ற நினைப்பை அவர் மாற்றினார்.

கேள்வி: எந்த ஆல்பத்திலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? பழைய ஆல்பத்தில் அழுவது மாதிரி ஒரு வயலின் கூட்டம் கேட்கிறதே, அது என்ன?

பதில்: அது வயலின் கூட்டமே இல்லை. மெலோட்ரான் என்ற கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு, அதில் உண்மையான வயலின்களை ஒவ்வொரு ஸ்வரமாகப் பதிவு செய்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், சுமார் 8 விநாடியில் டேப் முடிந்துவிடும், கையை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். டேப் என்பதால் சுருதி லேசாக அலையும். நீங்கள் சொல்லும் அந்த அழுகை அங்கிருந்துதான் வருகிறது.

எங்கே ஆரம்பிப்பது என்றால், எல்லோரும் 1969 ஆல்பத்தைச் சொல்வார்கள். நான் 1974-இல் வந்த 'ரெட்' ஆல்பத்தைச் சொல்வேன், அதிலும் கடைசிப் பாட்டு, 12 நிமிடம். நடுவில் ஃப்ரிப் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுவார், கீழே பேஸும் டிரம்ஸும் ஏறிக்கொண்டே போகும், ஸ்வரம் மெல்ல மேலே நகரும். இவ்வளவு வாசிக்கத் தெரிந்தவர் ஒற்றை ஸ்வரத்தில் நிற்கிறாரே என்று முதலில் புரியாது. பொறுமையாக இருங்கள். அதற்குப் பிறகு 1981, அதற்குப் பிறகு 1969. 1995-க்குப் பிந்தையவை கொஞ்சம் கடினம், அவசரமில்லை.

கேள்வி: கனடாவின் ரஷ் என்ற ராக் குழு பற்றிய ஆவணப்படத்தோடு ஒப்பிட்டால் எது சிறந்தது?

பதில்: ரஷ் படம், 2010-இல் வந்தது, பார்க்கச் சுகமானது. 1974 முதல் அதே மூன்று நண்பர்கள், அதனால் கதை நேராகப் போகிறது. வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க அது. கிரிம்சன் படத்தைத் தனியாகப் பாருங்கள். ஒரு குறையும் சொல்லியாக வேண்டும்: கிரிம்சன் படத்தில் ஒரு பாட்டையாவது தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்க விட்டிருக்கலாம். இவ்வளவு பேர் இவ்வளவு கொடுத்து உருவாக்கிய இசை துண்டு துண்டாகவே வருகிறது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: இனி நேரில் கேட்க வாய்ப்பு உண்டா? பெலூவை 2013-இல் சேர்க்காமல் விட்டது நியாயமா?

பதில்: 2021 டிசம்பர் 8, டோக்கியோ. அதுதான் கடைசிக் கச்சேரி, அதற்குப் பிறகு குழு மேடை ஏறவில்லை. எந்த ஆண்டில் எழுதிய பாட்டாக இருந்தாலும் எல்லாமே புதுப் பாட்டு என்பதுதான் அந்தக் கடைசிக் குழுவின் விதிகளில் ஒன்று. அப்படித்தான் வாசித்தார்கள்.

பெலூ விஷயம் எனக்கும் வலித்தது. 1981-இலிருந்து அந்தக் குழுவின் குரலே அவர்தான், வரிகளும் அவருடையவை. புதுக் குழுவில் உனக்கு இடமில்லை என்று சொன்னால் யாருக்குத்தான் தாங்கும்? படத்திலும் அந்த வருத்தம் தெரிகிறது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2024-இல் பெலூவும் லெவினும், கிட்டாருக்கு ஸ்டீவ் வாய், டிரம்ஸுக்கு டேனி கேரி இருவரையும் சேர்த்துக்கொண்டு, 1980-களின் கிரிம்சன் இசையை மட்டும் வாசிக்க ஒரு குழு அமைத்துக் கிளம்பினார்கள். ஃப்ரிப் சந்தோஷமாகச் சம்மதம் கொடுத்தார். குழுவின் பெயர் 'பீட்'. அந்தப் பெயரைச் சொன்னவரும் ஃப்ரிப்தான்.